வகான் சேனின் நடை

லாட்டீர் சேன் தனியாக இருக்கும்போது ஒரு பந்தையும் தவறவிட மாட்டான்.

அன்சுமானா சம்பூ, கூடைப்பந்து மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று காதாலேயே எண்ணிக்கொண்டிருந்தான். சிமெண்டில் பந்து இரண்டு முறை தட்டப்படும். பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு வலை சிலிர்க்கும். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. டக்காரின் பருந்துகள் அதற்குள் எழுந்துவிட்டன. பாலைவனத்திலிருந்து வந்த தூசி கடல்பக்கத்து வானத்தைக்கூடப் பழுப்பாக்கி வைத்திருந்தது. நாற்பத்தேழு.

அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்ற அந்த இரண்டு மீட்டர் மனிதன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு எறிந்தான். நாற்பத்தெட்டாவது பந்து வளையத்தின் விளிம்பில் இடித்து, கொஞ்சம் யோசித்து, வெளியே விழுந்தது.

"நல்லாத்தான் போடறே," என்றான் அன்சுமானா.

"நன்றி," என்றான் லாட்டீர்.

அந்த நன்றி அன்சுமானாவின் நெஞ்சில் மீன்முள் போல நின்றது. ஆறு வருடமாக ஒரே அணியில் ஆடுகிறவர்கள். முதல் நான்கு வருடத்தில் ஒருவருக்கொருவர் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது. அன்சுமானா தெற்கே கசமான்சு ஆற்றங்கரையிலிருந்து வந்த ஜோலா இனத்தவன். லாட்டீர், ஜோவால் கடற்கரைச் செரேர். ஜோலாவுக்கும் செரேருக்கும் கேலி முறை. பழங்கதைப்படி, ஒரே படகில் வந்த அக்காள் தங்கை இருவர். நடுக்கடலில் படகு இரண்டாக உடைந்தது. ஒருத்தி வடக்கே ஒதுங்கிச் செரேர்களுக்குத் தாயானாள், இன்னொருத்தி தெற்கே ஒதுங்கி ஜோலாக்களுக்குத் தாயானாள். படகை உடைத்தது யார் என்ற சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. அதனால் ஒரு ஜோலா ஒரு செரேரைப் பார்த்தால் "என் அடிமையே" என்பான். செரேர், "யாருடா அடிமை, அரிசி மூட்டை" என்பான். எதைச் சொன்னாலும் கோபப்படக் கூடாது. எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை இந்த இரண்டு பேர் வாய்க்காகவே பயிற்சி பார்க்க ஆட்கள் வருவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வடக்கே ஒரு கடற்கரை நகரத்தில், ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம். நான்கு நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால், லாட்டீருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் போகவில்லை. அவ்வளவுதான் கதை. சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. லாட்டீருக்கு மட்டும் இரண்டு வருடமாக முடியவில்லை.

திரும்பி வந்த விமானத்தில் பயிற்சியாளர் மசாம்பா தியாவ் இருக்கை இருக்கையாகக் குனிந்து சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். இந்த நாடு முதன்முதலில் கோப்பை வாங்கியபோது ஆடியவர்.

"லாட்டீர் காதுல அந்த ரெண்டு பந்தைப் பத்தி ஒரு வார்த்தை விழக் கூடாது. புரியுதா? சம்பூ, முக்கியமா உன் வாய்."

"சரி மாஸ்டர்."

அன்சுமானா அந்த வாக்கைக் காப்பாற்றினான். அவனைப் போல வாக்கைக் காப்பாற்றியவன் அணியிலேயே கிடையாது.

*

மைதானத்துக்குள் போகும் நடையில், உடை மாற்றும் அறைக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு புகைப்படங்கள் தொங்கின. இரண்டு கோப்பைகள், இரண்டு அணிகள். முதல் படத்தில் மாஸ்டர் ஒல்லியாக, தலை நிறைய முடியோடு நிற்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தபால்காரர், ஒரு ரயில்வே எழுத்தர், இரண்டு ராணுவத்தினர், ஒரு மருந்தாளுநர். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சிமெண்டுத் தரையில், அலுவலகம் விட்ட பிறகு பழகிய ஆட்கள். வெளியூர் ஆட்டத்துக்கு இரவல் கோட்டு போட்டுக்கொண்டு போய், தங்களைவிட ஒரு சாண் உயரமானவர்களை ஓடியே களைக்கவைத்துக் கோப்பையோடு வந்தவர்கள். அவர்களை எதிர்கொள்ள விமான நிலையத்திலிருந்து மெதினாப் பேட்டைவரை ஜனங்கள் நின்றார்களாம். நிற்க இடமில்லாதவர்கள் பஸ் கூரைகளில் நின்றார்களாம்.

இரண்டு படங்களுக்குப் பக்கத்தில் இரண்டு வெறும் ஆணிகள். மைதானக் காவலாளி எதுவார் ஜாத்தா அடித்தவை. அடுத்தடுத்து இரண்டு இறுதி ஆட்டத்துக்கு அணி புறப்பட்டபோது, ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஒரு ஆணி அடித்து வைத்தார். இரண்டு முறையும் படம் வரவில்லை. ஆணியைப் பிடுங்கவும் அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே போகும் ஒவ்வொருவனும் அந்த ஆணிகளைத் தொட்டுவிட்டுத்தான் போவான். தொட்டுத் தொட்டு அவை வெள்ளிபோல் மின்னின. லாட்டீர் மட்டும் எதிர்ச் சுவர் ஓரமாகப் போவான்.

இப்போது கோப்பை சொந்த ஊரிலேயே நடந்தது. அரையிறுதி முடிந்தது. நாளை மறுநாள் ஐவரி கோஸ்ட்டுடன் இறுதி ஆட்டம்.

அன்று காலைப் பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் அன்சுமானாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லாட்டீர் வந்து என்ன சொன்னான் தெரியுமா? கடைசி அஞ்சு நிமிஷம் தன்னை வெளில உக்கார வச்சிரணுமாம். இந்த ஆட்டத்தோட பனியனைக் கழட்டிக் குடுத்துட்டு ஜோவாலுக்குப் போறேங்கறான். படகு ஓட்டப் போறானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன். வேற என்ன சொல்றது?" மாஸ்டர் விசிலை விரலில் சுற்றி அவிழ்த்தார். "நீ அவன்கூட நல்லாப் பழகினவன். கொஞ்சம் இதமாப் பேசிப் பாரு."

"ரெண்டு வருஷமா அதைத்தான் பண்றேன் மாஸ்டர்."

*

அணி தங்கியிருந்த விடுதியின் சமையலறையில் டெனிங் ஃபாய்தான் ராணி. முப்பது வயதிருக்கும், ஜோவால்காரி, லாட்டீருக்குத் தூரத்து உறவு. பதினான்கு ராட்சதர்களுக்கு மீன் சோறு ஆக்குகிறவளுக்கு இருக்க வேண்டிய தோள்கள் அவளுக்கு இருந்தன. அன்று மதியம் அன்சுமானா செம்பருத்திச் சாறு கேட்டு உள்ளே போனபோது அங்கே ஒரே ரகளை. காவலாளி எதுவார், அடுப்பில் இருந்த பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய மீன் தலையைக் கையால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என் அடிமை ஆக்கின சோறு. நான் கேட்டு வேற சாப்பிடணுமா?"

"வையுங்கறேன்! மரத்துக் கள்ளைக் குடிச்சிட்டு மரத்துலயே தூங்கற கூட்டம். மீன் தலையப் பாத்திருக்கியா வாழ்நாள்ல?"

"பாத்திருக்கேன். போன வாரம் உன் புருஷன் கழுத்து மேல இருந்துச்சு."

டெனிங் கரண்டியோடு துரத்தினாள். எதுவார் மேசையைச் சுற்றி ஓடினார். ஓடும்போதே மீன் தலையைக் கடித்தார். அவள் சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்க அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் வாசலில் நின்ற அன்சுமானாவைக் கவனித்தாள். உடனே எழுந்தாள். முகத்தைச் சரிசெய்துகொண்டாள். தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாங்க தம்பி. என்ன வேணும்?"

வாங்க. என்ன வேணும். அன்சுமானாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

"அவரை அடிக்க வர்றீங்க. எனக்கு மட்டும் 'வாங்க'வா? நானும் ஜோலாதான், டெனிங்."

"நீங்களா?" அவள் எதுவாரைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இவரும் ஜோலாவாம்." பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். கேலி அவள் குரலிலிருந்து போய்விட்டது. "போன வருஷம் லாட்டீரோட அப்பா வகான் மாமா செத்தன்னைக்கு நானும் அந்த முற்றத்துல இருந்தேன், தம்பி. நீங்க வாசல்ல கால் வச்சதும் அழுதுட்டிருந்த அத்தனை பொம்பளைங்களும் நிறுத்தினாங்க. கவனிச்சீங்களா?"

கவனித்திருந்தான். அதை மரியாதை என்று நினைத்திருந்தான்.

"காத்துட்டிருந்தோம். ஜோலா வந்துட்டான், இனிமே கொஞ்சம் மூச்சு விடலாம்னு. வழக்கப்படி மாமா மாதிரியே நடிச்சு எங்களைச் சிரிக்க வைப்பீங்கன்னு, லாட்டீரோட அத்தை மாமாவோட தொப்பியையும் துடுப்பையும் எடுத்துக் கதவுக்குப் பின்னாடி உங்களுக்காகவே வச்சிருந்தா. நீங்க என்ன பண்ணீங்க? பாய்ல உக்காந்தீங்க. அழுதீங்க. கையில ஒரு கவரைக் குடுத்தீங்க. போயிட்டீங்க. ஏதோ பேங்க் மேனேஜர் மாதிரி."

"அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், டெனிங். அழுகை வந்துருச்சு."

"அழறதுக்கு அங்க நாங்க இருநூறு பேர் இருந்தோம்."

எதுவார் மீன் தலையை மெதுவாகத் தட்டில் வைத்தார். "தம்பி," என்றார், "செரேர் வீட்டுச் சாவுல நாம பேசலேன்னா, நிஜமாவே பகைன்னு அர்த்தம். இல்லேன்னா அவங்களைப் பாத்துப் பரிதாபப்படறோம்னு அர்த்தம். ரெண்டுல எது?"

அன்சுமானாவுக்குப் பதில் தெரிந்தது. செம்பருத்திச் சாறு கேட்காமலேயே வெளியே வந்தான்.

*

வகான் சேன் மீனவர். ஐம்பது வருடம் படகில் நின்று நின்று, தரையில் நடக்கும்போதும் அலைமேல் நடப்பதுபோலவே நடப்பார். கால்களை அகட்டி, வாத்து மாதிரி. காற்சட்டை இடுப்பில் நிற்காது, ஒரு கை எப்போதும் அதைப் பிடித்திருக்கும். மகன் ஆடுவதைப் பார்க்க வாழ்க்கையில் ஒரே ஒருமுறை டக்காருக்கு வந்தார். உள்ளூர் ஆட்டம்தான். இரண்டாம் பாதியில், பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தார். ஒரு கையில் காற்சட்டை, மறு கையில் துணி மூட்டை. நேராக மைதானத்துக்குள் நடந்தார். நடுவர் விசிலை ஊதினார். கிழவர் அவரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினார்.

"ஒரு நிமிஷம் பொறுப்பா. புள்ள காலைலேர்ந்து சாப்பிடலை."

மகனின் முன்னால் போய் நின்று, மகனின் மார்பு உயரமே இருந்தவர், அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "சாப்பிட்டியா?"

மூட்டையில் கம்பு மாவுச் சோறும் வறுத்த மீனும் இருந்தன. லாட்டீர் நடு மைதானத்தில் நின்று இரண்டு கவளம் சாப்பிட்ட பிறகுதான் அவர் திரும்பிப் போனார். அதன்பின் ஒரு பருவம் முழுக்க, லாட்டீர் கைக்குப் பந்து வந்தால் டக்கார் ஜனமே "சாப்பிட்டியா?" என்று கத்தியது. வகான் இறந்த பிறகு, மரியாதைக்காக ஜனங்கள் அதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள் என்று நினைத்தபடி அன்சுமானா படியேறினான். மாடி வராந்தாவில் லாட்டீர் தனியாக உட்கார்ந்து தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு உயர ஆற்றிக்கொண்டிருந்தான். அன்சுமானா எதிரே உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டேய் அடிமை. ரிங்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியலைன்னா சொல்லு. ஒரு கண்ணாடி வாங்கித் தர்றேன்."

சொன்ன அவனுக்கே அது மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதுபோல் கேட்டது. லாட்டீர் தேநீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாஸ்டர் சொல்லி அனுப்பினாரா?"

"இல்ல... அவரு ஒண்ணும்..."

"மருந்து மாதிரி குடுக்காதே அன்சுமானா. அதுக்குப் பேசாம இருக்கறதே மேல்."

அவன் ஒரு குவளையை நீட்டினான். நுரை நிரம்பிய, நன்றாக ஆற்றிய தேநீர். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தான். அன்சுமானாவும் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். இனிப்பு நாக்கில் ஒட்டியது.

*

இறுதி ஆட்டத்தன்று மதியமே மைதானம் நிறைந்துவிட்டது. டிக்கெட் கிடைக்காதவர்கள் விளக்குக் கம்பங்களில் ஏறியிருந்தார்கள். தம்பூர் மேளங்கள் முழங்கின. எட்டாயிரம் பேர் என்று பிற்பாடு சொன்னார்கள். சுவர்மேல் உட்கார்ந்தவர்களையும் சேர்த்தார்களா என்று தெரியாது.

அந்த அணி அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பிறகு மற்ற ஆட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். சுங்க அலுவலகத்தில் பகல் முழுக்க முத்திரை குத்துகிற அன்சுமானா, பந்து கைக்கு வந்ததும் வேறு ஆள். அவன் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்துதான் அவனைத் தேடி வந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டுகிற லாட்டீர், பலகையில் மோதித் திரும்பும் பந்துகளைப் பழம் பறிப்பதுபோல் பறித்தான். ஐவரி கோஸ்ட்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு கூடைக்கு ஒரு கூடை. இடைவேளையில் இரண்டு புள்ளி வித்தியாசம். யார் முன்னால் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறியது.

கடைசி ஐந்து நிமிடம் இருந்தபோது லாட்டீர் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் தரையைப் பார்த்தார். பிறகு மாற்று வீரனை அனுப்பினார். லாட்டீர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒரு நிமிடம் இருக்கும்போது அந்த மாற்று வீரன் ஐந்தாவது தவறு செய்து வெளியேற வேண்டியதாயிற்று. வேறு உயரமான ஆள் இல்லை. லாட்டீர் துண்டை எடுத்துவிட்டு எழுந்தான்.

ஆறு நொடி. ஐவரி கோஸ்ட் ஒரு புள்ளி முன்னால். அன்சுமானா மூன்று பேருக்கு நடுவில் புகுந்து, பார்க்காமலேயே பந்தைப் பின்னால் விட்டான். அங்கே லாட்டீர் இருப்பான் என்று அவனுக்குத் தெரியும். இருந்தான். எழும்பினான். இரண்டு கைகள் அவன் தோளில் விழுந்தன. விசில்.

இரண்டு ஃப்ரீ த்ரோ.

மேளங்கள் நின்றன. எதிரணிப் பயிற்சியாளர், அவன் நினைத்து நினைத்து நடுங்கட்டும் என்று, உடனே டைம் அவுட் கேட்டார். ஓரத்தில் எல்லோரும் கூடினார்கள். ஒருவன் லாட்டீரின் முதுகைத் தடவினான். ஒருவன் தண்ணீர் கொடுத்தான். மாஸ்டர் மெல்லிய குரலில், "நீ போடுவேப்பா. போகலேன்னாலும் பரவாயில்ல," என்றார். லாட்டீர் தலையாட்டினான். பாட்டிலை வாயில் வைக்காமலேயே சாய்த்தான். தண்ணீர் அவன் மார்பில் கொட்டியது. எல்லோரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

விசில் ஊதப்பட்டது. லாட்டீர் கோட்டுக்குப் போனான். அன்சுமானா நடுக்கோட்டில் நின்றான். எட்டாயிரம் பேரும் ஒரு நோயாளியின் அறைக்குள் வந்து நிற்பதுபோல் நின்றார்கள். ஒரு குழந்தை அழுதால் தாய் அதன் வாயைப் பொத்தினாள். அந்த அமைதி முழுக்க அன்பு. அன்சுமானாவுக்கு அது எங்கோ கேட்ட அமைதியாக இருந்தது. ஜோவாலில், ஒரு முற்றத்தில், தான் வாசலில் கால் வைத்தபோது கேட்டது.

காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் யோசித்துச் செய்ததாகப் பிற்பாடு பலரும் சொன்னார்கள். அவன் யோசிக்கவே இல்லை. அந்தக் கிழவர் செத்துப்போனதும், தான் அவருக்கு எதுவும் செய்யாமல் வந்ததும் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு வந்தன. கால்கள் தாமாகவே அகன்றன. இடது கை காற்சட்டையின் இடுப்பைப் பிடித்தது. வலது கை இல்லாத ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டது. நடுக்கோட்டிலிருந்து, எட்டாயிரம் பேர் பார்க்க, வாத்துபோல ஆடி ஆடி நடக்க ஆரம்பித்தான்.

முதல் இரண்டு அடிக்கு யாருக்கும் புரியவில்லை. மூன்றாவது அடியில், மேல் வரிசையில் ஒரு பெண் "அய்யய்யோ!" என்று கத்தினாள். செத்த மனிதரை நடு மைதானத்தில் நடத்திக்கொண்டு வருகிறான்!

நடுவர் ஐரோப்பாவிலிருந்து வந்த மீசைக்காரர். விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஒரு உள்ளங்கையின் மேல் மறு கை விரல்களை நிறுத்தப் போனார். அது டெக்னிக்கல் ஃபவுல். நிறுத்தினால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஆட்டம் அதோடு போச்சு. மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்சுமானா நடுவரை நோக்கி உள்ளங்கையைக் காட்டினான்.

"ஒரு நிமிஷம் பொறுப்பா. புள்ள காலைலேர்ந்து சாப்பிடலை."

லாட்டீரின் முன்னால் போய் நின்றான். அண்ணாந்து பார்த்தான். அன்சுமானாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் கிழவரின் கரகரத்த குரல்.

"சாப்பிட்டியா? ரெண்டு வருஷம் முன்னாடி வடக்க போயி ரெண்டு பந்தைத் தின்னுட்டு வந்தியே, அது இன்னுமா செரிக்கலை?"

லாட்டீரின் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உதடு துடித்தது. பிறகு அந்த நீண்ட உடம்பு நடுவில் மடிந்தது. அடிபட்டவன்போல முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். அழுகிறான் என்று நினைத்து மாஸ்டர் ஓடிவரப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு முட்ட, மூக்கில் நீர் வர.

"டேய் அடிமை," என்றான் ஒருவழியாக. "எங்கப்பா செத்து ஒரு வருஷம் ஆச்சு. இப்பவாடா வர்றது துக்கத்துக்கு?"

"படகு லேட்டு. நீதானே உடைச்சே."

"உடைச்சது உங்காத்தா!"

"சாப்பிட்டியா?" என்று மேல் வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். கரகரத்த குரல், எதுவாராக இருக்கலாம். அடுத்த நொடி மைதானமே கத்தியது. "சாப்பிட்டியா? சாப்பிட்டியா?" செரேர்கள் சிரித்தார்கள். ஜோலாக்கள் பக்கத்துச் செரேரின் தலையில் தட்டினார்கள். ஐவரி கோஸ்ட் வீரர்களில் இரண்டு பேர், புரியாமலேயே, சிரிக்க ஆரம்பித்தார்கள். நடுவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். எறியப் போகிறவனைப் பார்த்தார். கையைக் கீழே விட்டார். அன்சுமானாவின் மூக்குக்கு நேரே ஒரு விரலை ஆட்டினார். இன்னொரு தடவை என்றால் அவ்வளவுதான்.

அன்சுமானா நடுக்கோட்டுக்குத் திரும்பினான். கிழவரின் நடையிலேயே.

லாட்டீர் பந்தை இரண்டு முறை தட்டினான். இன்னும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எறிந்தான். வலை சிலிர்த்தது. அந்தக் கூச்சலில் யாருக்கும் அது கேட்கவில்லை, அன்சுமானாவுக்கு மட்டும் கேட்டது. நாற்பத்தெட்டு, என்று எண்ணிக்கொண்டான்.

இரண்டாவது பந்து கையை விட்டதுமே லாட்டீர் திரும்பிவிட்டான். அது எங்கே போகிறது என்று பார்க்கக்கூட இல்லை. நடுக்கோட்டில் நின்றவனைப் பார்த்துக் கத்தினான்:

"பாத்துக்கடா அரிசி மூட்டை!"

நாற்பத்தொன்பது.

ஆறு நொடியில் ஐவரி கோஸ்ட் ஒருமுறை எறிந்தது. பந்து பலகையில் பட்டுத் திரும்பியது. லாட்டீர் அதைப் பறித்தான். மணி அடித்தபிறகும் யாருக்கும் கொடுக்காமல் மார்போடு வைத்துக்கொண்டு நின்றான்.

அன்று எடுத்த படம் முதல் ஆணியில் ஏறியது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இரண்டு பேரைத் தவிர. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு ஆணி வெறுமையாகத்தான் இருந்தது. இருக்கட்டும், அடுத்த முறைக்கு ஆகும் என்றார் எதுவார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்சுமானா ஒரு மூட்டை அரிசியோடு ஜோவாலுக்குப் போனான். துக்கத்துக்கு ஒரு வருடம் தாமதமாக வந்ததற்கு அபராதம் என்று லாட்டீர் விதித்தது அது. கேலி முறையில் கேட்டதை இல்லையென்று சொல்ல முடியாது. முற்றத்தில் கிளிஞ்சல்கள் காலடியில் நொறுங்கின. லாட்டீரின் அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருடா இது? அன்னைக்கு வந்து அழுதுட்டுப் போனானே, அந்த பேங்க் மேனேஜரா?"

"உங்க எஜமான் வந்திருக்கேன். மரியாதையா எந்திரிச்சு நில்லுங்க."

அவள் எழுந்து நிற்கவில்லை. எட்டி, கதவுக்குப் பின்னாலிருந்து தொப்பியையும் துடுப்பையும் எடுத்து அவன்மேல் எறிந்தாள். ஒரு வருடமாக அவை அங்கேயே இருந்திருக்கின்றன.

அன்சுமானா தொப்பியை வைத்துக்கொண்டான். அது அவன் காதுவரை இறங்கியது. காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தான். நாய்களை அதட்டினான். மீனவர் சங்கத்தைத் திட்டினான். பொம்பளைகளிடம் "சாப்பிட்டியா?" என்று வரிசையாகக் கேட்டான். அத்தை முந்தித்துணியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அக்கம்பக்கத்தார் சுவருக்குமேல் எட்டிப் பார்த்தார்கள்.

லாட்டீர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடை தப்பு," என்றான்.

"எது தப்பு?"

"எங்கப்பா வலது கையாலதான் பிடிப்பாரு. நீ இடது கையால பிடிக்கறே. அன்னைக்கும் அப்படித்தான் பிடிச்சே. எட்டாயிரம் பேர் முன்னாடி தப்பா நடந்திருக்கே."

"அப்ப நீயே நடந்து காட்டு, பெரிய இவன்."

லாட்டீர் எழுந்தான். அன்சுமானாவின் தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். வலது கையால் இடுப்பைப் பிடித்தான். கால்களை அகட்டினான். இரண்டு மீட்டர் உயரத்தில், அலைமேல் நடப்பதுபோல், வகான் சேன் தன் முற்றத்தைக் கடந்து கிணற்றடிவரை போய்த் திரும்பினார்.